பஸ் ஓட்ட மாட்டேன்னு ஒரு சத்தியம்

எங்க வீட்டுக்காரரு கையில இருக்கிற கயிறு குடிக்குக் கட்டினதான்னா கேக்குறீங்க? கொஞ்சம் மெதுவாக் கேளுங்கக்கா. முன்னால மூணாவது சீட்டுல வெள்ளைத் துண்டு போட்டு ஒருத்தரு உக்காந்திருக்காருல்ல, அவரு எங்க ஊர்த் தலைவரு, கொண்டல்சாமி மாமா. முகம் ரோட்டப் பாத்து இருந்தாலும் காது இங்கதான் இருக்கும்.

உங்க பையில எலுமிச்சம்பழமும் கருப்புக் கயிறும் இருக்கிறத ஏறும்போதே பாத்தேன். ஆலடிக் கருப்பு கோயிலுக்குத்தானே? நாங்களும் அங்கதான். யாருக்கு, தம்பிக்கா? அவரு நேரா கோயிலுக்கு வந்திருவாராமா. வந்தா நல்லது. பாதிப் பேரு வழியிலயே கழண்டுக்கிறாங்க.

எங்க ஆளு அதோ, டிரைவருக்கு இந்தப் பக்கம், இன்ஜின் பெட்டிய ஒட்டி ஒத்தை சீட்டுல. நீலக் கட்டம் போட்ட சட்டை. சோலைராசுன்னு பேரு. என் பேரு மாரிக்கனி. இவ எங்க மக தன்ஷிகா, ஒண்ணாப்புப் படிக்கா. அவரு வலது மணிக்கட்டப் பாருங்க, கயிறு தெரியுதா? போன ஆடி அமாவாசைக்குக் கட்டினது. வர்ற ஆடி வரைக்கும் கெடு. இப்பப் பங்குனி. அதுக்குள்ளதான் இந்தக் கூத்து.

விசயத்தச் சொல்லிர்றேன். நீங்க முன்ன பின்ன தெரியாதவங்க, இறங்கினா ஆளுக்கொரு திசை. எங்க ஊர்ல ஒரு உசுருகிட்டயும் நான் இதச் சொன்னதில்ல. இன்னும் முக்கால் மணி நேரத்துல அந்தப் பூசாரி இவர அடையாளம் கண்டுக்கிட்டு, இந்தக் கயிறு எதுக்குக் கட்டினதுன்னு தலைவர் முன்னால வாய் திறந்தாருன்னா என் மானம் போயிரும். அவரு மறந்திருக்கணும். மறந்திருக்கணும்னு அந்தக் கருப்பையே கும்பிட்டுக்கிட்டு வாரேன், பாத்துக்கோங்க.

எங்க வீட்டுக்காரரு சிவகாசியில ஒரு பிரஸ்ஸில கட்டிங் மிஷின்ல நிக்கிறாரு. காலையில இருந்து நின்ன காலோட வேலை. பீடி கிடையாது, பாக்கு கிடையாது, குடி கிடையாது. அதப் பாத்துத்தான் எங்கப்பா கட்டிக் குடுத்தாரு. ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவாரு. குளிப்பாரு. காப்பி குடிப்பாரு. அப்புறம் போன எடுத்து வச்சுக்கிட்டு பஸ் ஓட்டுவாரு.

ஆமாக்கா. பஸ்ஸு. போன்ல ஓட்டுற பஸ்ஸு. கேம்.

சிரிக்கிறீங்க பாருங்க. நீங்களே சிரிக்கிறீங்க.

நம்ம ஊரு பஸ் மாதிரியேதான் இருக்கும் அது. ஸ்டியரிங்கு, கியரு, வைப்பரு, ஏர் ஹாரன், எல்லாம் உண்டு. ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிறுத்தணும், ஆள இறக்கணும், ஏத்தணும், கதவச் சாத்தணும். கதவச் சாத்தாமக் கிளப்புனா அதுக்குத் தனி வசவு. வளைவுல வேகமாத் திருப்பினா உள்ள இருக்கிற ஆளுக சத்தம் போடுவாங்க. இவரு வண்டியில ஒருநாளும் சத்தம் வந்தது கிடையாது. அவ்வளவு பதமா ஓட்டுவாரு. முன்னால போர்டுல நாமளே பேரு எழுதிக்கலாம். இவரு சிவகாசி, கீழச்சத்திரம்னு எங்க ஊர் பேரப் போட்டிருந்தாரு. எங்க ஊருக்கு வந்துக்கிட்டிருந்த பஸ்ஸ நிறுத்தி மூணு வருசமாச்சுக்கா. மெயின் ரோட்டுக்கு நடந்து வந்துதான் இந்த மினி பஸ்ஸப் பிடிக்கணும். இவரு ஒருத்தருதான் தினமும் ஊருக்குள்ள பஸ் விட்டுக்கிட்டிருந்தாரு.

இவ இருக்காளே, இவதான் கண்டக்டரு. அப்பன் மடியில உக்காந்து விசில் ஊதுவா. பிரஸ்ஸில வெட்டி விழுற கலர் காகிதத்தக் கட்டாக் கொண்டாந்து குடுப்பாரு, அதுதான் டிக்கெட்டு. நான் அடுப்படியில இருந்து வாசலுக்குப் போகணும்னாக்கூட டிக்கெட் எடுத்துட்டுத்தான் போகணும். எடுக்காமப் போனா விசில ஊதி வீட்டையே நிப்பாட்டிருவா.

லைசென்ஸா? எடுக்கப் போனாரு, கல்யாணத்துக்கு முன்னால. சின்ன வயசுல பம்பரத்து ஆணி பட்டு இடது கண்ணு மங்கல். பெரிய வண்டி ஓட்ட முடியாதுன்னு சொல்லிட்டாங்க. டிரைவர் ஆகணும்னுதான் ஆசையாம். அது பழைய கதை, அத விடுங்க.

நாலு செவுத்துக்குள்ள இருந்த வரைக்கும் எனக்கும் அது பெரிசாத் தெரியலக்கா. எங்க அண்ணன் மகளுக்குச் சடங்கு வச்சாங்க. மண்டபத்துக்குப் பின்னால புளியமரத்தடியில ஆம்பளைக எல்லாரும் வட்டமா உக்காந்து ஊத்திக்கிட்டிருக்காங்க. எங்க அண்ணன், சித்தப்பா, சம்பந்தகாரங்க, எல்லாரும். இவரு மட்டும் சாப்பாட்டுக் கூடத்து மூலையில போன வச்சுக்கிட்டு, சுத்தி பதினைஞ்சு பிள்ளைக. வரிசையா நாற்காலியப் போட்டு பஸ்ஸு மாதிரி உக்காந்திருக்கு எல்லாம். எங்க அண்ணன் வந்தான். நல்ல தண்ணியில இருந்தான். கையில ஒரு கிலுகிலுப்பை. வந்திருந்த எந்தக் கைப்பிள்ளைக்கோ வாங்கினது போல. அத எடுத்து இவரு கையில குடுத்து, எல்லாரும் கேக்க, "இந்தாங்க மாப்ள, உங்களுக்குச் சீரு. பொழுது போகலேன்னா ஆட்டிக்கோங்க"ன்னான்.

கூடமே சிரிச்சுச்சு. பந்தி விசாரிச்சுக்கிட்டிருந்தவரு சாம்பார் வாளியக் கீழ வச்சிட்டுச் சிரிச்சாரு.

இவரு என்ன செஞ்சாரு தெரியுமா? அத வாங்கி, பக்கத்துல ஒரு கைப்பிள்ளை அழுதுச்சு, அதுக்கு ஆட்டிக் காமிச்சாரு. அவருக்கு வெக்கமே இல்ல. வெக்கமெல்லாம் எனக்குத்தான். எங்க அண்ணன் பொண்டாட்டி என்னப் பாத்து, எங்க வீட்டாளு குடிச்சாலும் நாலு ஆம்பளையோட உக்காந்து குடிக்காரு, இப்படிச் சின்னப்பிள்ளைகளோட விளையாடலைன்னு சொன்னா. அவளுக்கு அதுக்கு முந்தின வாரந்தான் அவன் அடிச்சுக் கையில மாவுக்கட்டுப் போட்டிருந்துச்சு. கட்டோட நின்னுதான் என்னப் பாத்துப் பாவப்பட்டா.

அதுக்கப்புறம் எங்க போனாலும் அதே பேச்சு. டிரைவரே, பஸ் எத்தனை மணிக்கு? டிரைவரே, எங்கள இறக்கிவிட மறந்துறாதீங்க. டிவியில வேற, போன் கேம் ஆடி ஆடிப் புத்தி பேதலிச்ச பையன்னு காட்டுறான். இவரு ஆடுறது பஸ்ஸு, அது சுடுறது வெட்டுறதுன்னு வேற என்னமோ. ஆனா பாக்குறவங்களுக்கு என்ன தெரியும்? எல்லாம் போனுதானே. ஒருநாள் நானும் கேட்டுட்டேன், முப்பத்திரண்டு வயசாச்சு, உங்களுக்கு இது அசிங்கமாத் தெரியலையான்னு. "நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன் கனி"ன்னாரு. நியாயத்தப் பேசினாக் கோபம் ஜாஸ்தியாத்தானே வரும்.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா மதினி அவ புருசனுக்கு ஆலடிக் கருப்புல குடிக்குக் கயிறு கட்டி ஆறு மாசம் குடிக்காம வச்சிருந்தா. குடிய விடவைக்கிற சாமி கேம விடவைக்காதான்னு நினைச்சேன். கோயிலுக்கு வராட்டி நானும் பிள்ளையும் எங்கப்பா வீட்டுக்குப் போறோம்னேன். மறுபேச்சுப் பேசாம வந்தாரு.

உங்களுக்கு இது முதல் தடவையா? அப்பச் சொல்றேன் கேட்டுக்கோங்க. வரிசையா நிக்கணும். அன்னைக்கு எங்களுக்கு முன்னால இருபது பேரு. எல்லாம் குடி. ரெண்டு பேரு மட்டும் சீட்டாட்டம். ஒவ்வொருத்தனையும் பூசாரி கேப்பாரு, எத்தனை வருசமா, தினமும் எவ்வளவுன்னு. எங்க முறை வந்துச்சு. நாலு வருசமா, தினமும் ஒரு மணி நேரம்னு சொன்னேன். அவரு நிமிந்து பாத்தாரு. நான் கிட்டக்கப் போய் காதுல சொன்னேன். அவருக்கு விளங்கல. நாப்பது வருசமாக் கயிறு கட்டுறேன், இப்படி ஒண்ணு வந்ததில்லைன்னாரு. அப்புறம் இவரப் பாத்து, "சாமிக்கு எது புரியுமோ அப்படி வாய்விட்டுச் சொல்லுப்பா. முணுமுணுத்தாச் சத்தியம் நிக்காது"ன்னாரு.

இவரு கருப்பு முன்னால நட்டிருந்த அரிவாளத் தொட்டுக்கிட்டு நிமிந்து நின்னு சொன்னாரு. "ஆடியில இருந்து ஆடி வரைக்கும் போன்ல பஸ் ஓட்ட மாட்டேன்."

வரிசையில பின்னால நின்னவன் ஒருத்தன், முந்தினநாள் குடிச்ச வாடை இன்னும் போகல அவன்மேல, சிரிச்சுச் சிரிச்சு விக்கல் எடுத்துட்டான். கோயில்ல நிக்கோம்னுகூட இல்ல. அந்தப் பூசாரி எப்படிக்கா இத மறந்திருப்பாரு? நீங்களா இருந்தா மறப்பீங்களா?

ஊருக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னா கேக்குறீங்க? வாரேன், அதுக்குத்தான் வாரேன்.

ஊருக்கு வந்தோம். ஆலடிக் கருப்பு கயிறுன்னா எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும், மூணு முடிச்சுப் போட்டிருக்கும். குழாயடியில பேச்சியம்மா மதினி கேட்டா. "ஏடி, உன் வீட்டுக்காரரும் குடிப்பாரா? வெளிய தெரியவே இல்லையே"ன்னு. நான் பொய் சொல்லலக்கா. சத்தியமாப் பொய் சொல்லல. தலையக் குனிஞ்சேன். அவ்வளவுதான்.

தலையக் குனிஞ்சதுக்கு வந்த மரியாதையப் பாக்கணுமே. குடம் வைக்க எனக்கு முன்னால இடம் விட்டாங்க. மதினி வேப்பம்பூ ரசம் வச்சுக் கொண்டாந்து குடுத்தா, விட்ட புதுசுல கை நடுங்கும், இதக் குடுன்னு. தலைவரு இவரத் தோள்ல தட்டி, ஆம்பளன்னா இப்படி இருக்கணும், தப்பை உணந்து திருந்தணும்னாரு. குடிக்காத மனுசன் குடிய விட்டதுக்கு ஊரே பாராட்டுச்சு. டிரைவரேன்னு ஒருத்தன் கூப்பிடல அப்புறம். எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா, கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அப்பத்தான் நிமிந்து நடந்தேன்.

அவரா? அவரு என்ன. ஆறு மணிக்கு வருவாரு. குளிப்பாரு. காப்பி குடிப்பாரு. அப்புறம் கைய எங்க வைக்கிறதுன்னு தெரியாது அவருக்கு. கொடியில காயுற துணிய எடுத்து மடிப்பாரு. மடிச்சத மறுபடி மடிப்பாரு. இவ விசிலத் தூக்கிக்கிட்டு வருவா, கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிருவா. போன எங்கிட்டக் குடுத்துட்டு அவரு ஒரு பட்டன் போன வச்சுக்கிட்டாரு. இந்தப் போனு பீரோவுல என் கல்யாணப் பட்டுக்கு அடியில இருக்கு.

அத வாரம் ஒருதடவை எடுத்து சார்ஜ் போடுவேன். போடலேன்னா பேட்டரி கெட்டுப்போகும்ல. போட்டுட்டு அந்த பஸ்ஸ ஒரு நடை கிளப்பி, கீழச்சத்திரம் வரைக்கும் கொண்டாந்து நிப்பாட்டுறது. ஆடுறது இல்லக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. வண்டிய நிறுத்தியே போட்டா அந்தக் கேமு நம்ம ரூட்ட எடுத்திரும், பாயிண்டெல்லாம் போயிரும். அவரு நாலு வருசம் பாடுபட்டது. பக்கத்து வீட்டுல ஆள் இல்லாதப்ப நாம தண்ணி மோட்டார் போட்டு விடுறதில்லையா, அது மாதிரிதான். இப்பத் தினமும் ரெண்டு நடை எடுக்க வேண்டியதாப் போச்சு. அந்தச் சத்திரத்து வளைவு இருக்கே, மூணாவது கியர்லயே திருப்பிரலாம்னு அவரு சொல்வாரு, எனக்கு இன்னும் வரல. சரி, நான் எதுக்கு இத உங்ககிட்டச் சொல்லிக்கிட்டு.

கார்த்திகையில டீக்கடைக்குப் போக ஆரம்பிச்சாரு. திருந்தின ஆளுன்னு கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சாங்க. அதுக்கு முன்னால அந்த பெஞ்சில அவருக்கு இடமே இருந்ததில்ல. டீக்கடையில இருந்து செங்கல் சூளைக்குப் பின்னால. அங்க என்ன நடக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். மொத நாள் வாடையோட வந்தப்ப வாசல்லயே மறிச்சு நின்னேன். என்னங்க இதுன்னேன். கைய நீட்டிக் காமிச்சாரு.

"கயிறு இதுக்கு இல்லையே கனி."

அவ்வளவுதான் சொன்னாரு. சத்தம் போட்டுச் சொன்னாலும் பரவாயில்ல. சோத்துக்கு உப்புக் கம்மின்னு சொல்ற மாதிரிச் சொன்னாரு.

பயந்தேன்தான். ஆனா ஒண்ணு சொல்றேன், நீங்க பொம்பள, புரிஞ்சுக்குவீங்க. டீக்கடையில ஆம்பளைகளோட ஆம்பளையாச் சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தாருடின்னு மதினி வந்து சொன்னப்ப, உள்ளுக்குள்ள ஒரு ஓரத்துல எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் அதுவும் போச்சு. தைப்பொங்கலுக்குள்ள வாரத்துல நாலு நாளாயிருச்சு. பிள்ளை அவர் பக்கத்துல படுக்க மாட்டேங்குறா.

ஏன் பஸ்ஸு மெதுவாப் போகுது? ஓ, பள்ளிக்கூட ஸ்டாப்பா. இந்த டிரைவரு கிளச்ச அமுக்கிக்கிட்டே ஓட்டுறாரு, பாருங்க. சீக்கிரம் தேஞ்சிரும்.

கருப்பு கயிறு கட்டின கையால கிளாஸத் தூக்குனாருன்னு ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு. ஊத்திக் குடுத்தவன்தான் முதல்ல சொன்னது. அதுக்கு நாலாம் நாள் நட்டநடு மத்தியானத்துல தலைவரு களத்துல அடுக்கியிருந்த வைக்கோல் படப்பு பத்திக்கிச்சு. அவ்வளவுதான். சத்தியத்த மீறினவன் ஊருக்குள்ள இருக்கான், கருப்பு கோபத்தக் காமிச்சிருச்சு, அடுத்து யாரு வீடோன்னு எல்லாரும் கூடிட்டாங்க. நாளைக்குச் செவ்வாக்கிழமை, எங்க அம்மனுக்குக் காப்புக் கட்டி, பங்குனிப் பொங்கல் திருவிழான்னு ஊருக்குச் சாட்டணும். தலைவரு சொல்லிட்டாரு, இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள கருப்புகிட்ட நின்னு மன்னிப்புக் கேட்டு, பூசாரி கையால திருநீறு வாங்கணும், நானே கூட வந்து பாப்பேன்னு. இல்லேன்னா பொங்கல் முடியிற வரைக்கும் நாங்க மூணு பேரும் ஊருக்குள்ள இருக்கக் கூடாதுன்னு.

ஆமா, நீங்க கேக்குறது சரிதான். கயிறு குடிக்கு இல்ல, கேமுக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாத் தீந்துபோச்சு. சொல்லிரலாம். சொல்லிட்டு நான் குழாயடிக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? குடிச்சான், சத்தியத்த மீறினான், மன்னிப்புக் கேட்டான்னா அதுல ஒரு இது இருக்கு. ஊர்ல எத்தனை பேரு மீறியிருக்கான், மன்னிப்புக் கேட்டிருக்கான். போன்ல பஸ் ஓட்டினதுக்குச் சாமி கயிறுன்னா? எங்க அண்ணன் காதுக்குப் போச்சுன்னா அடுத்த விசேசத்துக்குத் தொட்டிலே கொண்டாருவான்.

அதனால காலையிலயே இவருகிட்டச் சொல்லிட்டேன். அங்க போயி, குடிச்சிட்டேன் சாமி, மன்னிச்சிருன்னு மட்டும் சொல்லுங்க, வேற வாயே திறக்காதீங்கன்னு. "சாமிகிட்டப் பொய் சொல்லச் சொல்றியா"ன்னாரு. குடிச்சது நெசந்தானேன்னேன். பஸ் ஏறினதுல இருந்து முன்னாலயே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. காலு மட்டும் ஆடுது பாருங்க. வலது காலு. நானும் ரொம்ப நேரமாப் பாக்குறேன், அது சும்மா ஆடல. டிரைவர் பிரேக் பிடிக்கிற இடத்துல எல்லாம் தரையில ஒரு அமுக்கு அமுக்குது.

இருங்க. என்ன நின்னுருச்சு?

எதுக்க லாரி. இந்தத் தாம்போதித் தரைப்பாலத்துக்கு நடுவுலயா வந்து மாட்டணும். வைக்கோல் லாரியாப் போச்சு, தலைவர் முகத்தப் பாருங்க, தன் படப்பு ஞாபகம் வந்திருச்சு. லாரி பின்னால போக முடியாது, லோடு. நம்ம பஸ்ஸுதான் போகணும். கண்டக்டரு பின்னால கூட்டத்துல மாட்டிக்கிட்டாரு, இறங்கி விசில் குடுக்க முடியல. ஓரமெல்லாம் பள்ளம்க்கா. தன்ஷிகா, கம்பியப் பிடிச்சுக்கோ.

இவரு என்ன எந்திரிக்கிறாரு? உக்காருங்கன்னு சொல்லணும், தலைவரு பாக்குறாரு. சன்னல் வழியாத் தலைய வெளிய விட்டுட்டாரு.

கேக்குதா உங்களுக்கு? "ஒரு சாண் இருக்கு, ஒடிச்சுத் திருப்புங்க. இன்னும். போதும். இப்ப நேர் பண்ணுங்க. வாங்க, வாங்க, வாங்க. ஹோல்டான்." எங்க வீட்டுல இந்தக் குரலக் கேட்டு எட்டு மாசமாச்சுக்கா.

அப்பாடி. லாரி போயிருச்சு. நல்லவேளை.

ஐயோ, டிரைவர் அவருகிட்டப் பேச்சுக் குடுக்காரு. எந்த ரூட்டுண்ணே ஓட்டுறீங்கன்னு கேக்காரு. அவரையா? டிரைவர்னே நினைச்சுட்டாரு போல. இவரு என்னத் திரும்பிப் பாக்குறாரு. ஏன் என்னப் பாக்குறாரு. ஏதாவது ஒரு ரூட்டச் சொல்லிட்டு உக்காரலாம்ல. வேண்டாங்க. சொல்லாதீங்க.

சொல்லிட்டாரு.

"போன்லதான் ஓட்டிக்கிட்டிருந்தேன்"னு சொல்லிட்டாருக்கா. நான் தலைய முந்தானையில மூடிக்கிறேன், யாரு சிரிக்கான்னு மட்டும் சொல்லுங்க. என்னது? யாரு, டிரைவரா? அவரும் ஆடுவாராமா? "நானும் லீவு நாள்ல அதத்தாண்ணே ஓட்டுவேன், என் வீட்டுல வஞ்சு தீக்குறா"ன்னா சொன்னாரு? நெச பஸ் ஓட்டுற மனுசன் லீவு நாள்லயும் பஸ்ஸா ஓட்டுவாரு?

ஏ பிள்ள, சும்மா இரு. சீட்டு மேல ஏறாத. தன்ஷிகா, வாய மூடு.

கேட்டீங்களா. கேட்டீங்களா இவ சொன்னத. "எங்கப்பா பஸ்ஸுக்கு நாந்தான் கண்டக்டரு, அப்பா கருப்புகிட்டக் கயிறு கட்டிட்டாரு, இப்ப அம்மா ஓட்டுது"ன்னு பஸ்ஸே கேக்கச் சொல்லிட்டா.

நான் ஓட்டலங்க. அது சும்மா, சார்ஜ் போடுறப்ப.

அவரு என்னப் பாக்குறாரு. தெரியாது அவருக்கு. எட்டு மாசமா நான் அந்த வண்டியக் கிளப்பிக்கிட்டிருக்கேன்னு இப்ப வரைக்கும் அவருக்குத் தெரியாது. ரூட்டு இன்னும் இருக்கான்னு கேக்காரு. அங்க இருந்தே கேக்காரு, இத்தனை பேரு முன்னால. இருக்குன்னு தலைய ஆட்டினேன். வேற என்ன செய்ய. சிரிக்கிறாராக்கா? இந்தக் கண்ணுத் தண்ணி மறைக்குது, சரியாத் தெரியல எனக்கு.

தலைவர் எந்திரிச்சு வாராரு. தள்ளி உக்காருங்க.

வாங்க மாமா. ஆமா. ஆமா மாமா. அதுக்குத்தான். குடிக்கு இல்ல. பஸ்ஸுக்கு. போன்ல ஓட்டுற பஸ்ஸுக்கு. ஆடிக்கு முன்னால அவரு ஒரு சொட்டுத் தொட்டதில்ல. நான்தான் தலையக் குனிஞ்சேன். சரி மாமா. சரி. யோசிச்சுச் சொல்றேன்.

போயிட்டாரா? என்ன சொன்னாருன்னு கேட்டீங்கள்ல. வைவாருன்னு நினைச்சேன். அவரு முகத்துல வெளிச்சம் வந்திருச்சுக்கா. அப்படின்னாக் குடிச்சது குத்தமில்ல, சத்தியம் அப்படியேதான் இருக்கு, சாமி கோபம் ஒண்ணும் இல்ல, நாளைக்குப் பொங்கல் சாட்டிறலாம்னாரு. படப்பு எவனோ பீடிய அணைக்காமப் போட்டதா இருக்கும்னாரு. அடுத்த ஸ்டாப்புல இறங்கி எதுக்க வர்ற பஸ்ஸப் பிடிச்சாச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிரலாமாம். போறப்பக் குனிஞ்சு காதுல ஒண்ணு சொன்னாரு பாருங்க. "போன் சமாச்சாரத்த ஊர்ல மூச்சு விட்டுறாதத்தா. குடிச்சான்னே இருக்கட்டும். அதுல ஒண்ணும் கேவலமில்ல"ன்னாரு.

நான் இத்தனை நாளு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டது அதேதான். அதே வார்த்தைதான். அடுத்த ஆளு வாயில இருந்து வரும்போது என்னமோ மாதிரி இருக்கு.

ஸ்டாப் வந்திருச்சு. இறங்குறாரு பாருங்க, எங்களுக்குக் கை காட்டுறாரு. இல்ல மாமா, நீங்க போங்க. நாங்க வரல. எங்களுக்குக் கருப்புகிட்ட வேலை இருக்கு. ஆமா, இப்பவும் இருக்கு. போலாம்னு சொல்லுங்கண்ணே கண்டக்டரே. சரி தன்ஷிகா, இந்தா உன் விசிலு, நீயே ஊது. ஒரு தடவைதான்.

ஒண்ணு கேக்கணும்க்கா. உங்க பையில கயிறு ஒண்ணுதான் இருக்கா, ரெண்டா? நாங்க மன்னிப்புக்குன்னுதானே கிளம்பினோம், கயிறு வாங்கல. கோயில் வாசல்ல விக்கும், ஆனா வெயிலுக்குக் கடையச் சாத்தியிருப்பாங்க. ஒரு முழம் குடுத்தீங்கன்னாப் போதும். கெடு முடியிறதுக்கு முன்னால பஸ்ஸுக்குக் கட்டினத அவுத்துட்டு, குடிக்கு ஒண்ணக் கட்டுவாங்களான்னு தெரியல. அந்தப் பூசாரி மறந்திருக்க வேணாம், நல்லா ஞாபகம் வச்சிருக்கட்டும். அன்னைக்குச் சொல்லச் சொன்னது நான், சொன்னது அவரு. இன்னைக்கு நானே அரிவாளத் தொட்டுக்கிட்டு, அந்தக் கயிறு பஸ்ஸுக்குத்தான், கட்ட வச்சது நான்தான்னு வாய்விட்டுச் சொல்றேன். வரிசை பூரா நிக்கட்டும். சிரிக்கிறவன் சிரிக்கட்டும், விக்கல் எடுக்கட்டும்.

கட்டுவாரா கருப்பு? கட்டணும். இவரு ஒத்துக்குவாரான்னும் கேக்கல நான். கேக்குறேன், இறங்கினதும் கேக்குறேன். முதல் தடவை அவரக் கேக்காமத்தானே கூட்டிக்கிட்டு வந்தேன்.

அந்தக் காலப் பாருங்க. டிரைவர் இன்னும் ஆக்சிலேட்டர்லதான் இருக்காரு, இவரு அதுக்குள்ள பிரேக்க அமுக்கிட்டாரு. மெதுவா, பதமா. உள்ள ஒருத்தரும் சத்தம் போடாத மாதிரி.

ஆலமரம் தெரியுது. எந்திரிங்கக்கா, பையப் பிடிங்க. ஸ்டாப் வந்திருச்சு.